தேநீரில் கடற்பாசித் தூள்: தைராய்டு உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பழுப்புக் கடற்பாசித் தூளைத் தேநீரில் கலந்து குடித்துவிட்டு, படபடப்பும் கைநடுக்கமுமாக வருகிறவர்களை அண்மைக் காலமாக அடிக்கடி பார்க்கிறேன். கடைசியாக வந்த அம்மாவுக்குக் கழுத்தில் நெடுநாளாகத் தைராய்டு கட்டி உண்டு. இரத்தப் பரிசோதனை முடிவை அவர் நீட்டியபோது தாளே நடுங்கியது. அவர் காட்டிய பொட்டலத்தில் அயோடின் நிறைந்தது என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்களே தவிர, எத்தனை மைக்ரோகிராம் என்று எங்கும் இல்லை. "தைராய்டுக்கு அயோடின் நல்லதுதானே, டாக்டர்?" என்று கேட்டார்.

நல்லதுதான், அளவோடு இருந்தால். வளர்ந்தவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150 மைக்ரோகிராம். கிராமுக்கு 15 மைக்ரோகிராம் அயோடின் உள்ள உப்பில் 10 கிராமே அதைத் தந்துவிடும். ஜப்பானியர் கொம்பு என்று அழைக்கும் பழுப்புப் பாசியிலோ ஒரே கிராமில் 2000 மைக்ரோகிராமுக்கு மேலும் இருக்கக்கூடும். அயோடின் கலந்த உப்பையே உண்ணும் நம்மவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவதற்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்பாற்றலே அச்சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய். அயோடின் பற்றாக்குறை அன்று. பற்றாக்குறையே இல்லாத இடத்தில் மேலும் மேலும் கொட்டினால், சிலருக்குச் சுரப்பு இன்னும் குறையும். கட்டி உள்ளவர்களுக்குக் கட்டுமீறிக் கூடும். அந்த அம்மாவுக்கு நேர்ந்தது இரண்டாவது.

கடற்பாசியில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதன் ஆல்ஜினேட் நார்ப்பொருள், உணவோடு போதிய அளவில் சேரும்போது சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கக்கூடும். உடல் எடையைக் குறைக்கும் என்று விளம்பரப்படுத்தப்படும், இப்பாசியிலுள்ள ஃபியூகோசாந்தின் என்ற நிறமிக்கான சான்றுகள் பெரும்பாலும் எலிகளில் கிடைத்தவை. அது கொழுப்பில் கரைவது என்பதால், தூளைக் கொதிக்கவைத்து வடிகட்டினால் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். அயோடினோ வெந்நீரில் எளிதாக இறங்கி நேரே உங்கள் கோப்பைக்கு வந்து சேரும்.

தைராய்டு நோயோ கழுத்தில் கட்டியோ உள்ளவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். அளவு மீறிய அயோடின் குழந்தையின் தைராய்டையும் பாதிக்கும். ஹிஜிகி என்ற பாசியில் கனிம ஆர்சனிக் என்ற நச்சு மிகுதி என்பதால் அதை யாருமே வாங்க வேண்டாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எந்தக் கடற்பாசியையும் உணவில் சேர்க்காதீர்கள். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்குங்கள். தேநீர் எதுவானாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஏற்கெனவே குடித்துவந்தவர்கள் நிறுத்திவிட்டு தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மருத்துவரிடம் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.