‘மெசஞ்சர்’: பேராளரா, தூதுவரா?

அமெரிக்காவில் 1845இல் அகஸ்டா நகரில் தொடங்கப்பட்ட சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் என்னும், புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவான பாப்டிஸ்டுகளின் சபைகள் கூடும் பேரவையின் ஆண்டுக் கூட்டத்தில், தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்குச்சீட்டோடு அமர்ந்திருப்பவரின் பெயர் ‘மெசஞ்சர்’. ‘டெலிகேட்’ என்று எழுதினால் அந்தச் சபையார் திருத்துவார்கள்.

‘அனுப்புதல்’ என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. இடையிலுள்ள ‘ஞ்’ (n) ஒலி மூலத்தில் இல்லை; ‘பாசஞ்சர்’ என்பதிலும் அப்படித்தான் பின்னால் புகுந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கில விவிலியத்தில் இரண்டாம் கொரிந்தியர் 8:23, திருச்சபைகள் அனுப்பிய சகோதரரை இச்சொல்லால் குறிக்கிறது.

டெலிகேட் என்றால் அதிகாரம் ஒப்படைக்கப்பட்டவர். பாப்டிஸ்டுகளுக்கோ ஒவ்வோர் உள்ளூர்ச் சபையும் தன்னாட்சி உடையது. அது தன் அதிகாரத்தை எந்தப் பேரவைக்கும் கைமாற்றுவதில்லை. ஆகவே மெசஞ்சர் தம் மனச்சாட்சிப்படி வாக்களிக்கிறார்; பேரவையின் தீர்மானமும் அவரை அனுப்பிய சபையைக் கட்டுப்படுத்தாது.

இந்த எளிய பெயருக்குப் பின்னால் கடும் அரசியல் உண்டு. தலைவரின் பதவிக்காலம் ஓராண்டுதான், தொடர்ந்து இருமுறைக்கு மேல் இல்லை. ஆனால் அவர் நியமிக்கும் குழு இன்னொரு குழுவை முன்மொழிகிறது. அந்த இரண்டாம் குழுவே இறையியல் கல்லூரிகளின் அறங்காவலர்களைப் பரிந்துரைக்கிறது. இந்தச் சங்கிலியைப் புரிந்துகொண்ட பழமைவாதிகள், 1979இல் ஹூஸ்டனில் நடந்த தலைவர் தேர்தலில் தம் பக்கத்துப் போதகர் ஏட்ரியன் ராஜர்ஸை வெற்றிபெறச் செய்து, அடுத்தடுத்த தேர்தல்களிலும் தலைமையைத் தக்கவைத்துக் கல்லூரிகளைத் தம் வசமாக்கினார்கள். அதன்பின் போட்டியே அரங்கை நிரப்புவதில்தான் என்றாயிற்று: 1985இல் டல்லஸில் 45,000க்கும் மேற்பட்ட மெசஞ்சர்கள் திரண்டார்கள். இன்று ஒரு சபை எவ்வளவு பெரிதானாலும் அனுப்பக்கூடியவர்கள் 12 பேர்தான்.

தமிழில் என்ன சொல்வது? ‘பிரதிநிதி’, ‘பேராளர்’ இரண்டும் பாப்டிஸ்டுகள் தவிர்க்கும் பொருளையே திரும்பக் கொண்டுவருகின்றன. பழைய தமிழ் விவிலியம் மேற்கண்ட வசனத்தில் ‘ஸ்தானாபதிகள்’ என்கிறது. இன்றைய வாசகருக்கு அது அரசாங்கப் பதவியாகவே தோன்றும். ‘சபைத் தூதர்’ என்றாலோ விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலில் வரும், வானதூதனாகப் பலர் கொள்ளும் ‘சபையின் தூதன்’ குறுக்கே வந்துவிடுவான். எனவே ‘சபைத் தூதுவர்’ என்பதே என் தேர்வு. அதிலும் ஓர் இடறல் இருக்கிறது: நம் மரபில் தூதுவன் தன்னை விடுத்தவன் சொன்னதைப் பிசகாமல் உரைப்பவன், இங்கோ அனுப்பிய சபை எந்தச் சொல்லையும் அவர் வாயில் வைத்து அனுப்புவதில்லை. ஆனால் ஆங்கிலச் சொல்லிலும் அதே முரண் இருப்பதால், அதற்காகத் தமிழ்ச் சொல்லைத் தள்ளிவிட வேண்டியதில்லை.