ஜென்ட்ரி: பிரபுக்கள் அல்லர், நிலக்கிழார்

இங்கிலாந்து வரலாற்றில் 'ஜென்ட்ரி' என்று வந்தாலே மொழிபெயர்ப்பாளர்கள் 'பிரபுக்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். இடைக்காலக் குடும்பம் ஒன்றின் கொடிவழியை இன்றைய வாரிசுகள் வரை தொடர முனைபவரை வழிதவற வைக்க இந்த ஒரு சொல்லே போதும்.

சொல் பிரெஞ்சு வழி வந்தது. 'ஜென்டில்' என்றால் நற்குடிப் பிறந்த. அதன் அடி, குலத்தைக் குறிக்கும் 'ஜென்ஸ்' என்ற லத்தீன் சொல். வழக்கிலோ அது நிலத்தின் வரும்படியில் வாழ்ந்த, நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையில் இடமில்லாத குடிகளைக் குறித்தது. நைட், அவருக்கு அடுத்த படியிலுள்ள எஸ்குவயர், அதற்கும் அடுத்த ஜென்டில்மேன் எல்லாரும் இதில் அடங்குவர். 1611இல் வந்த பாரனெட் பட்டம் தந்தைக்குப் பின் மகனுக்குச் சேரும். ஆனாலும் பாரனெட் பிரபு ஆகமாட்டார்.

தமிழில் பிரபு என்றால் லார்டு. ரிப்பன் பிரபு, கர்சன் பிரபு என்று அது நிலைத்துவிட்டது. அதையே ஜென்ட்ரிக்கும் போட்டால் இரண்டு வகுப்பும் ஒன்றாகிவிடும். ஆங்கிலேயர் அப்படிக் கலக்கவில்லை: பர்க் குடும்பத்தார் 1826இல் பிரபுக்களுக்கும் பாரனெட்டுகளுக்கும் ஒரு கொடிவழித் தொகுப்பு வெளியிட்டார்கள், 1830களில் நிலக்குடிகளுக்கு வேறொன்று தொடங்கினார்கள். 'பிரபுக்கள்' என்று படித்தவர் முதல் தொகுப்பைப் புரட்டுவார். தேடும் குடும்பம் பாரனெட் குடும்பமாக இல்லாவிட்டால் பெரும்பாலும் அங்கே இருக்காது. 'ஜமீன்தார்' இன்னும் மோசம். ஜமீன்தார் வரி வசூலித்து அரசுக்குக் கட்டியவர். இவர்களுக்கு அந்த வேலையே இல்லை. 'கனவான்கள்' நடத்தையைச் சொல்கிறது, வகுப்பைச் சொல்லவில்லை.

நிலக்கிழார் என்பதே சரி. கிழமை என்றால் உரிமை. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்று ஊரோடு சேர்த்து ஆளைச் சொன்ன சொல் அது. ஆங்கிலக் குடிகளும் 'இன்ன ஊர் இன்னார்' என்றே எழுதப்பட்டார்கள். நிலமில்லாமல் வழக்கறிஞரான இளைய மகனுக்கு இது பொருந்தாதே என்பார்கள். உண்மைதான். ஆளின் பின்னொட்டாக வரும்போது 'ஜென்டில்மேன்' என்றே விடலாம். 1413ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்ற ஆவணங்களில் பிரதிவாதியின் தகுதியையும் தொழிலையும் எழுதச் சொன்ன பிறகு பரவிய அடைமொழி அது. வகுப்புக்கு நிலக்கிழார்தான்.

வகுப்பு தெளிந்தால் ஆவணமும் தெளியும். வசதியுள்ளவர்களின் உயில்கள் கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத் தொகுப்பில் 1858இலிருந்து பின்னோக்கி 1384 வரை கிடைக்கும். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிந்த திருச்சபைப் பதிவேடுகள் 1538இல் தொடங்குகின்றன. அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் நடந்த விசாரணை, வாரிசின் பெயரையும் வயதையும் தரும். அதில் '21 வயதும் அதற்கு மேலும்' என்றிருந்தால் பருவம் வந்தவர் என்று மட்டுமே கொள்ள வேண்டும். 21ஐக் கழித்துப் பிறந்த ஆண்டு கணக்கிட்டால் கொடிவழி கோணும். 1530 முதல் 1688 வரை குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டந்தோறும் போய்ப் பதிந்த கொடிவழிகளில் கடைசி மூன்று, நான்கு தலைமுறைகளைப் பெரும்பாலும் நம்பலாம். அதற்கு மேலுள்ளவை பல நேரம் குடும்பத்தார் சொன்ன கதை. இன்னொன்று: 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. பதிவேட்டில் 1640 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1641.