பழையது ஏறுகிறது, புதியது இறங்குகிறது: பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன்

போர்ஷே 911 வரிசையில் 993 என்ற தலைமுறை 1998-இல் நின்றது. அதன் இடத்துக்கு வந்தது 996. புதியது வேகமானது, அகலமானது, உள்ளே தாராளமாக உட்காரலாம், ஏசியும் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் இன்று பிரிட்டனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விலை கேட்டால், நல்ல நிலையிலுள்ள 996 கரேராவுக்கு (911-இன் சாதாரண வகைக்குக் கரேரா என்று பெயர்) கிடைப்பது 993-க்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. பயன்படுத்திய ஸ்போர்ட்ஸ் கார்களை, வாங்குகிறவர் சார்பில் சோதித்துச் சொல்வது என் தொழில். பழசு என்றால் மலிவு, புதுசு என்றால் மதிப்பு என்ற கணக்கோடு வருகிறவர்கள் முன்னால் நான் முதலில் எடுத்துப் போடுவது இந்த இரண்டு எண்களைத்தான்.

993-தான் காற்றால் குளிரும் எஞ்சின் வைத்த கடைசி 911. புகைக் கட்டுப்பாடும் சத்தக் கட்டுப்பாடும் நெருக்கியதால் 996-இல் எஞ்சினைத் தண்ணீரால் குளிர்விக்க ஆரம்பித்தார்கள். செலவை மிச்சப்படுத்த, முன்பக்கத்தின் பல பாகங்களை போர்ஷேயின் இன்னொரு காரான, அதைவிட விலை குறைந்த பாக்ஸ்டரோடு பொதுவாக்கினார்கள். காலங்காலமாக இருந்த வட்ட விளக்கு போய், கரு உடைந்து வழிந்ததுபோல ஒரு விளக்கு வந்தது. 'பொரித்த முட்டை' என்று அதைக் கேலி செய்யாதவர் இல்லை. அத்தோடு ஐ.எம்.எஸ். பேரிங் விவகாரமும் சேர்ந்துகொண்டது. எஞ்சினுக்குள் ஓர் இடைத்தண்டு; ஆங்கிலத்தில் இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐ.எம்.எஸ். அதன் ஒரு முனையைத் தாங்கும் சிறிய பேரிங் தேய்ந்து உடைந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி எஞ்சினே வீணாகிவிடும். எல்லாக் காரிலும் உடைவதில்லை, பெரும்பாலான கார்களில் உடைவதே இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் வழக்கு வரை போனதால் பெயர் கெட்டது கெட்டதுதான்.

இதே 996-இல் ஜி.டி.3, டர்போ என்று இரண்டு வகைகள் உண்டு. அவற்றில் இருப்பது வேறு எஞ்சின். ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற பொறியாளரின் பெயரால் அழைக்கப்படும், பந்தயக் கார்களின் வழியில் வந்த எஞ்சின் அது. அதில் அந்தப் பேரிங் கிடையாது. விளக்கு என்னவோ அதே வழிந்த முட்டைச் சாயல்தான். ஆனால் 996 ஜி.டி.3-இன் விலையைக் கேட்டால் யாருக்கும் கேலி செய்யத் தோன்றாது. ஆக, சந்தை வண்டியின் வயதைப் பார்த்து விலை போடுவதில்லை. இனி கிடைக்காது என்று ஆகிவிட்ட ஒன்று அந்த வண்டியில் இருக்கிறதா, அதை நம்பி ஓட்டலாமா என்ற இரண்டையும் பார்த்துத்தான் போடுகிறது.

இனிக் கிடைக்காது என்பதன் பலத்தைப் பார்க்க 911 ஆர் போதும். 2013-இல் வந்த ஜி.டி.3-இல் மேனுவல் கியரே வைக்கவில்லை; இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் மட்டும்தான். மேனுவல் பிரியர்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது 2016-இல் ஆறு கியர் மேனுவலோடு 911 ஆர் வந்தது. மொத்தம் 991 கார்கள். சில மாதங்களுக்குள் விற்பவர்கள் கேட்ட விலை ஷோரூம் விலையைப்போலப் பல மடங்கு ஆனது. 2017-இல் சாதாரண ஜி.டி.3-இலேயே மேனுவல் திரும்பி வந்தது. ஆரின் விலை சரிந்தது. காரில் ஒரு திருகுகூட மாறவில்லை. உச்சத்தில் வாங்கியவர்கள், அந்தக் கம்பெனி இனி மேனுவல் செய்யாது என்ற ஊகத்துக்குத்தான் பணம் கொடுத்திருந்தார்கள்.

ஃபெராரியில் இது இன்னும் அப்பட்டம். எஃப்430-இல் மேனுவலும் உண்டு, ஸ்டியரிங் பின்னால் துடுப்பைத் தட்டி மாற்றும் எஃப்1 கியரும் உண்டு. புதிதாக விற்றபோது எஃப்1-தான் நவீனம், அதற்குத்தான் கூடுதல் விலை. அதற்கு அடுத்து வந்த 458-இல் மேனுவல் அறவே இல்லை என்றானதும் கதை தலைகீழானது. இன்று மேனுவல் எஃப்430-க்கு எஃப்1-ஐவிட வெகு அதிகமாகக் கொடுக்க வேண்டும். 458-உம் சளைத்ததில்லை. 2015-இல் 488 வந்து டர்போவுக்கு மாறியதால், டர்போ இல்லாத வி8 எஞ்சினை நடுவில் வைத்த கடைசி ஃபெராரி என்ற பட்டம் அதற்கு ஒட்டிக்கொண்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதை வாங்கி வைத்தாலும் பணம் காய்க்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான கார்கள் இறங்கும், இறங்கிய இடத்திலேயே கிடக்கும். மீண்டும் எழுந்து வருபவை சில. கொரோனாக் காலத்தில் புதிய கார் உற்பத்தி முடங்கியதால் பழைய கார்கள் எல்லாமே ஏறின. அப்போது முதலீடு என்று வாங்கியவர்கள் பலர் இப்போது நஷ்டத்தில் விற்கிறார்கள். மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களின் நிலை இன்னும் மோசம். போர்ஷே டைகான் முதல் சில ஆண்டுகளிலேயே போட்ட பணத்தில் பெரும்பகுதியை இழக்கிறது. அதனால் இரண்டாம் கையாக வாங்குகிறவருக்கு அது லாபம். பேட்டரி உத்தரவாதம் இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டால் போதும்.

ஏமாற்றம் அதிகம் நடப்பது நடுவயதுக் கார்களில்தான்: பத்து முதல் இருபத்தைந்து ஆண்டு வயது, கௌரவமான பெயர், எட்டும் விலை. காரின் விலை இறங்கிவிட்டது. உதிரிப் பாகத்தின் விலை இறங்கவில்லை என்பதை வாங்குகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு விற்ற காரை இன்று முப்பதாயிரத்துக்கு வாங்கலாம். அதன் செராமிக் பிரேக் தட்டுகளை மாற்ற வேண்டி வந்தால் கட்டணம் லட்சம் பவுண்டுக் காருக்கு உரியதுதான். யானையை அடிமாட்டு விலைக்கு வாங்கினாலும் தீனி யானைத் தீனிதான்.

ஆகவே 996 அல்லது அதற்கு அடுத்த தலைமுறையான 997-இன் முதல் வகை வந்தால் நான் நேரம் செலவிடுவது எஞ்சினில். விற்பவர் சம்மதித்தால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் காகித மடிப்புகளை வெட்டி விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். மினுமினுக்கும் துகள் இருந்தால் காந்தத்தை அருகில் கொண்டுபோவேன். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு; பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஒட்டாமல் மினுங்கினால் அலுமினியமாக இருக்கலாம். அப்போது சிலிண்டர் சுவரைப் பார்த்தே ஆக வேண்டும். அடிப்பக்க ஆயில் தொட்டியைக் கழற்றி, விரல் கனமுள்ள கேமராக் குழாயை விடும் அளவுக்கு இடம் உண்டு. நல்ல சுவர் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்கும். கீறல் விழுந்த சுவரில் மேலிருந்து கீழாகக் கறுத்த கோடுகள் ஓடும். மேலிருந்து பார்ப்பதைவிட அடியிலிருந்து பார்ப்பது நல்லது. கீறல் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில்தான் தொடங்குகிறது. வெளியே நின்று பார்ப்பவருக்குக் கிடைக்கும் துப்பு ஒன்று உண்டு. இரண்டு புகைக்குழாய்களில் ஒன்று மட்டும் அதிகமாகக் கரி படிந்திருந்தால், அந்தப் பக்கச் சிலிண்டர்களில் ஆயில் எரிகிறதோ என்று கேட்கலாம்.

ரசீதுகளில் நான் தேடுவது கிளட்ச் மாற்றிய பில். இடைத்தண்டு பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும்; கிளட்சுக்கும் அப்படியே. விவரம் தெரிந்த உரிமையாளர் இரண்டையும் ஒரே முறையில் முடித்திருப்பார். 2006-க்குப் பிந்தைய முதல் வகை 997-களில் பெரிய பேரிங் இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்காமல் அதை எடுக்க முடியாது. ஆனால் அது உடைவதும் அரிது. 2008-இல் வந்த இரண்டாம் வகை 997-இன் புது எஞ்சினில் இடைத்தண்டே இல்லை. அதன் விலை முதல் வகையைவிட அதிகமாக நிற்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

குறைந்த மைல் ஓடிய வண்டி என்ற மோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு விற்பனையாளரிடம் (பெயரும் வேண்டாம், காரின் பெயரும் வேண்டாம்) பளபளவென்று ஒரு வண்டி. டயர் புதிது என்றார். டயரின் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அதில் 1110 என்று இருந்தது, அதாவது 2010-இன் 11-ஆவது வாரம். பட்டன் தேயவில்லை என்பது உண்மை, ரப்பர் மரக்கட்டையாகியிருந்தது. எம்.ஓ.டி. என்ற ஆண்டு வாகனத் தகுதிச் சோதனையின் பதிவுகளை அரசின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் ஆண்டுதோறும் ஓடிய மைல் இருக்கும். அந்த வண்டி சில ஆண்டுகளில் நூறு மைலைக்கூடத் தாண்டவில்லை. அப்படி நின்ற வண்டியில் சீல்கள் காய்ந்திருக்கும், ரப்பர் குழாய்கள் வெடித்திருக்கும், பிரேக் இறுகியிருக்கும். ஓட்ட வாங்குகிறவருக்கு, ஆண்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம் மைல் ஓடி, ஒவ்வோர் ஆண்டும் ஆயில் மாற்றிய வண்டியே மேல். காட்சிக்கு வைக்க வாங்குகிறவர் மட்டும்தான் நின்ற வண்டிக்குக் கூடுதல் கொடுக்கலாம்.

புதிய பக்கத்தில் பயம் எஞ்சினில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட கார்களில் பல கடனில் ஓடுபவை. கடன் தீராத வரை கார் நிதி நிறுவனத்துடையது. கடனும் விபத்துப் பதிவும் உண்டா என்று கட்டணம் கட்டிச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். காப்பீட்டு நிறுவனம் கைவிட்டு, பின் பழுதுபார்த்து வந்த வண்டிக்கு எஸ், என் என்ற எழுத்துகள் பதிவில் நிற்கும். 'எஸ்' என்றால் சட்டகமே அடிபட்டது. புதியவற்றின் பெரிய அனுகூலம் உத்தரவாதம். போர்ஷே தன் அங்கீகரிக்கப்பட்ட கார்களுக்கு 15 ஆண்டு வயது, 1,25,000 மைல் வரை உத்தரவாதத்தை நீட்டித்துக்கொள்ள விடுகிறது. அந்த எல்லையைத் தாண்டிய நாளில் காரின் விலை ஒரு படி இறங்குவதை நானே பார்க்கிறேன்.

சாலை வரியும் விலையை ஆட்டுகிறது. 2006 மார்ச் 23-க்கு முன் பதிவான கார்களுக்கு ஆண்டு வரிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அன்றோ அதற்குப் பிறகோ பதிவாகி அதிகம் கரியமிலவாயு வெளியிடும் கார்களுக்கு அது இல்லை. அச்சில் வார்த்தது போன்ற இரண்டு 997-களில் ஒன்றுக்கு மற்றதைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 300 பவுண்டு அதிகம் கட்ட நேரிடுவது இதனால்தான். லண்டனில் ஓட்டுகிறவர் யூலெஸ் என்ற புகைக் கட்டுப்பாட்டு மண்டல விதியையும் பார்க்க வேண்டும்: 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரம் முழுவதும் தரம் எட்டாத கார் வெளியே வந்தால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு. 2005-க்குப் பின் பதிவான பெட்ரோல் கார்கள் பொதுவாகத் தப்பும். அதற்கு முந்தையவற்றிலும் தப்புபவை உண்டு. 40 ஆண்டு கடந்து வரலாற்று வாகனம் என்று பதிவானவற்றுக்குக் கட்டணம் இல்லை.

எதை வாங்கலாம் என்று கேட்பவருக்கு என் பதில் பெரும்பாலும் இரண்டாம் வகை 997. கையில் பணம் குறைவு, பொறுமை அதிகம் என்றால் ரசீது கட்டுடன் வரும் 996. காற்றுக் குளிர்ச்சிக் கார்களை நானே வாங்கச் சொல்வதில்லை. விலை இன்று இருக்கும் உயரத்தில், மழையில் எடுக்கவே மனம் வராது. ஓட்டாத ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இங்கே வலப்பக்க ஸ்டியரிங்தானே, சென்னைக்குக் கொண்டுபோய்விடலாமா என்று கேட்கும் தம்பிகளும் உண்டு. தயாரித்து மூன்று ஆண்டைக் கடந்த பழைய காரை இறக்குமதி செய்ய இந்திய விதி இடம் தராது. அதற்குட்பட்ட காருக்கோ சுங்க வரி காரின் விலையையே தாண்டிவிடும். அந்த ஆசையை வைத்துக்கொண்டு இங்கே அதிக விலை பேசிவிட வேண்டாம்.