ஒளிவினையூக்கி

ஃபோட்டோகேட்டலிஸ்ட் என்பதற்கான தமிழ்ச்சொல். தண்ணீரில் கலந்த சாயம், பூச்சிக்கொல்லி, மருந்து எச்சம் போன்ற கரிம மாசுகளை ஒளியின் துணையோடு சிதைக்கும் பொருளை இப்படிச் சொல்கிறோம். பெரும்பாலும் அது ஓர் உலோக ஆக்சைடின் பொடி. டைட்டானியம் டை ஆக்சைடும் துத்தநாக ஆக்சைடும் முன்வரிசையில் நிற்பவை.

'கேட்டலிசிஸ்' என்ற சொல்லை 1835இல் வேதியியலுக்குள் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ். கிரேக்கத்தில் 'காட்டா' என்றால் கீழே, 'லூயெய்ன்' என்றால் அவிழ்ப்பது. ஆக, சொல்லின் மூல அர்த்தம் கட்டவிழ்த்தல். மாசு மூலக்கூற்றின் பிணைப்புகள் அவிழும் இந்த இடத்துக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. முன்னால் உள்ள 'ஃபோட்டோ' ஒளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

தமிழில் 'கேட்டலிஸ்ட்' வினையூக்கி ஆனது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வினைவேக மாற்றி என்றும் இருக்கும். இலங்கையில் ஊக்கி என்றாலே போதும். அதை வைத்து 'ஒளியூக்கி' என்று சுருக்குவது எனக்கு உடன்பாடில்லை. ஒளியை ஊக்கும் ஏதோ ஒன்று என்றுதான் காதில் விழுகிறது. 'ஒளி வினைவேக மாற்றி' பிழையில்லை, ஆனால் பேச்சில் நிற்காது. ஒளிவினையூக்கி என்று சேர்த்தே எழுதலாம்: ஒளியால் நடக்கும் வினையை ஊக்குவது. இங்கே ஒளி ஊக்கி அல்ல. ஒளி செலவாகிவிடும், பொடிதான் செலவாகாமல் மிஞ்சுகிறது, அதனால் அதுவே ஊக்கி.

பொடிக்குள் என்ன நடக்கிறது? இந்த ஆக்சைடுகள் குறைக்கடத்திகள், அதாவது மின்சாரத்தை ஓரளவே கடத்துபவை. போதிய ஆற்றலுள்ள ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவும். அது விட்டுப்போன இடத்துக்குத் துளை என்று பெயர். துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை, அதாவது எதனோடும் சட்டென்று வினைபுரியும் துணுக்கை, உண்டாக்கும். எலக்ட்ரானோ கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடித்து, அதேபோல் வினைபுரியும் சூப்பர் ஆக்சைடாக்கும். இவை கரிம மூலக்கூற்றைத் துண்டு துண்டாக்கி, கடைசிவரை போனால் அதிலுள்ள கார்பனை கார்பன் டை ஆக்சைடாக முடித்துவைக்கும். தாவிய எலக்ட்ரான் மறுபடி துளையிலேயே விழுந்துவிட்டால் எல்லாம் வீண். பொடியை நானோ அளவில், அதாவது மிக மிக நுண்ணிய துகள்களாக, எடுப்பது உதவுவது இங்கேதான்: துகள் சிறியதென்றால் மேற்பரப்பு அருகிலேயே இருக்கிறது, வினை நடக்க இடமும் அதிகம்.

1911இலேயே ஜெர்மனியில் ஐப்னர், துத்தநாக ஆக்சைடு ஒளியில் பிரஷ்ய நீல நிறமியை வெளுக்கவைப்பதைப் பதிவு செய்தார். 1972இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டிய பிறகு துறை சூடு பிடித்தது. 1977இல் ஃபிராங்க், பார்டு என்ற வேதியியலாளர்கள் நீரிலிருந்த சயனைடை டைட்டானியம் டை ஆக்சைடு பொடியால் சிதைத்தார்கள்.

ஆய்வகத்தில் வழக்கமான சோதனைச் சாயம் மெத்திலீன் நீலம். நீலக் கரைசலில் வெள்ளைப் பொடியைப் போட்டு, முதலில் இருட்டில் கலக்குவார்கள், சாயம் பொடியில் ஒட்டும் அளவு ஒட்டி முடியட்டும் என்று. அப்புறம்தான் விளக்கைப் போடுவது. இருட்டுக் கட்டத்தை விட்டுவிட்டால், ஒட்டியதையும் சிதைந்ததாகக் கணக்கு காட்டிவிடலாம். 664 நானோமீட்டர் அருகே ஒளி உட்கவர்தல் குறைகிறதா என்று அளப்பார்கள். ஆனால் நிறம் போனதாலேயே மாசு போனதென்று அர்த்தமில்லை. நிறமற்ற இடைப்பொருள்கள் தண்ணீரிலேயே இருக்கலாம். மொத்தக் கரிமக் கார்பனையும் அளந்தால்தான் உண்மை தெரியும்.

டைட்டானியம் டை ஆக்சைடின் அனடேஸ் என்ற படிக வடிவத்துக்கு ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் தாவ வேண்டிய ஆற்றல், சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது புறஊதா ஒளி வேண்டும். தரையை எட்டும் வெயிலில் அது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். நைட்ரஜன் கலப்பது, வேறொரு ஆக்சைடோடு இணைப்பது எல்லாம் கண்ணுறு ஒளியையும் பயன்படுத்திக்கொள்ளும் முயற்சிகள். இன்னொரு வரம்பு: சாயக்கழிவில் நிறத்தோடு உப்பும் ஏராளம். உப்பை இந்தப் பொடி தொடாது. அதற்குச் சவ்வு வடிகட்டலோ ஆவியாக்கலோ தனியே வேண்டும்.