கேபினட் – அமைச்சரவை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் "கேபினட் மாத்தியாச்சா?" என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். சமையலறை அலமாரியைக் கேட்கிறாரா, அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவைக் கேட்கிறாரா?

சொல் ஒன்றுதான். பிரெஞ்சில் அது சின்ன அறை. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர்கள் நெருக்கமான சிலரை மட்டும் அப்படி ஓர் அறைக்குள் கூட்டிப் பேச, அறையின் பெயர் ஆட்களுக்கு ஒட்டிக்கொண்டது. மதிப்புள்ள பொருளைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கும் அதே பெயர்.

தமிழில் அமைச்சரவை. 'அமைச்சர்' வந்த வழியில்தான் சண்டை. 'அமாத்ய' என்ற வடசொல்லின் திரிபு என்பார்கள் ஒரு சாரார். 'அமை' என்ற தமிழ் வேரில் பிறந்தது என்பார்கள் மறு சாரார். அமாத்ய என்றால் ஒரே வீட்டில் இருப்பவன், வீட்டு ஆள். அமை என்றால் ஒழுங்கு செய், உண்டாக்கு. எனக்கு இரண்டுமே பிடிக்கும். புதுத் தலைவர் பட்டியல் வாசிக்கும்போதெல்லாம் நாம் தேடுவதும் அதைத்தானே: வந்திருப்பது வீட்டு ஆளா, அமைக்கிற ஆளா? (மந்திரி வேறு, ஆலோசனை சொல்பவர். மலாயின் 'மெந்திரி'யும் அதுவே.)

தமிழ்நாட்டார் அமைச்சகம் என்பதை நாம் அமைச்சு என்கிறோம். திருக்குறளின் 64-ஆம் அதிகாரத்துக்கும் அதுதான் தலைப்பு.

2022 டிசம்பர் 2-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அமைச்சரவைப் பட்டியலை அறிவித்தார். மறுநாள் கோப்பிக் கடையில், ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நம்மாளு யாருப்பா?"

"சிவகுமார். மனிதவளம்."

"அதானே பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு ரொட்டியைக் கோப்பியில் நனைத்தார்.

சிரிப்புக்குக் காரணம் உண்டு. 1955-இல் எங்கள் ஊர்க்காரர் சம்பந்தனுக்குக் கிடைத்தது தொழிலாளர் அமைச்சு, அதாவது இன்றைய மனிதவளம். 2018-இல் ஆட்சியே மாறியபோதும் குலசேகரனுக்கு மனிதவளம். 2020-இல் சரவணனுக்கும் அதே. அலமாரி புதிது, நமக்கு ஒதுக்கிய இழுப்பறை பழையது. 2023 டிசம்பரில் அது சீனரான ஸ்டீவன் சிம்மிடம் போய், கோபிந்த் சிங்குக்கு இலக்கவியல் (டிஜிட்டல்) அமைச்சு வந்தது. மாற்றம் வேண்டும் என்றவர்களே அப்போது "நம்ம அமைச்சு போச்சே" என்றார்கள்!

சம்பந்தன் அமைத்ததில் இன்றும் ஊர் பேசுவது அமைச்சை அல்ல, 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலம் அது. அவர் அமைச்சராகத்தான் இருந்தார். ஆனால் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணம்.