இம்போர்ட் என்றதும் பைத்தான் எங்கே போய்த் தேடுகிறது?

தக்கலையிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். பேச்சிப்பாறை அணையின் நீர்மட்டத்தைக் கணக்கிட மாணவர்கள் எழுதிய பைத்தான் தொகுதிகளை ('இம்போர்ட்' என்று சொல்லி மற்ற நிரல்களுக்குள் வரவழைக்கும் நிரல் கோப்புகளை), ஆய்வகத்து உபுண்டு கணினியில் ஒரு பொது ஃபோல்டரில் வைத்திருக்கிறார். அதன் பாதையைத் தன் பேஷ்ஆர்சி கோப்பில் பைத்தான்பாத் என்ற சூழல் மாறியாக (நிரல்கள் ஓடும்போது பார்த்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பாக) எழுதியதும் அவருக்கு வேலை செய்கிறது. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாகத் தொடங்கும் கிரான் ஓட்டும்போது மட்டும் 'தொகுதி இல்லை' என்று பிழை வருகிறது. ஏன்?

பேஷ்ஆர்சி அவர் திறக்கும் டெர்மினலுக்கு மட்டும்தான். கிரான் அதைப் படிப்பதில்லை. நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளையும் பெரும்பாலான சூழல் மாறிகளை உதறிவிட்டுத்தான் நிரலை ஓட்டும்.

தேடும் வரிசை இதுதான்: நிரல் இருக்கும் ஃபோல்டர், பைத்தான்பாத், பைத்தானின் சொந்த நூலகம், கடைசியில் சைட்-பேக்கேஜஸ் (தனியாக நிறுவும் தொகுதிகளுக்கான ஃபோல்டர்). முதலில் கிடைத்ததோடு தேடல் நின்றுவிடும். மாணவர் தன் கோப்புக்கு 'ரேண்டம்' என்று பெயர் வைத்தால் பைத்தானின் சொந்த ரேண்டம் தொகுதி மறைந்துபோவது இதனால்தான்.

சரி, எல்லாப் பயனருக்கும் பொதுவாக ஒரு பாதையைச் சேர்ப்பது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பைத்தான் எழும்போதே சைட் என்ற தொகுதி தானாக ஓடி, சைட்-பேக்கேஜஸுக்குள் பி.டி.எச். என்று முடியும் கோப்புகளைத் திறக்கிறது. அவை வெறும் உரைக் கோப்புகள். ஒரு வரிக்கு ஒரு பாதை. அப்படியொரு ஃபோல்டர் உண்மையிலேயே இருந்தால் தேடல் பட்டியலில் சேர்க்கும், இல்லையென்றால் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். சேர்வதும் சொந்த நூலகத்துக்குப் பின்னால்தான், ஆகவே அந்த நூலகத்தில் உள்ள எதையும் மறைக்காது. சூழல் மாறி எதுவும் தேவையில்லாததால் கிரானுக்கும் இது தெரியும். ஒரே ஒரு வரியில் இத்தனை வேலை!

ஒரு எச்சரிக்கை: 'இம்போர்ட்' என்று தொடங்கும் வரியைப் பாதையாகக் கொள்ளாமல் நிரலாகவே ஓட்டிவிடும். எனவே அந்தக் கோப்பை மாற்றும் உரிமை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கு மட்டுமே இருக்கட்டும்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இத்தகைய கோளாறுக்கும் 'ஃபார்மட் அடிச்சுடுங்க' என்பவர்கள் உண்டு. அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான். பிளஸ் டூவில் பைத்தான் கற்பிக்கிறோம், இந்தத் தேடல் வரிசைக்கும் ஒரு வகுப்பு ஒதுக்கலாமே.

அப்புறம், ஆசிரியருக்கு: உபுண்டுவில் சைட்-பேக்கேஜஸுக்குப் பதில் டிஸ்ட்-பேக்கேஜஸ் என்று பெயர்; அந்த பி.டி.எச். கோப்பை யூஎஸ்ஆர்-லோக்கலின் கீழ் உள்ள டிஸ்ட்-பேக்கேஜஸில் வையுங்கள். பாதையில் பைத்தானின் பதிப்பு எண்ணும் வரும் என்பதால், பதிப்பு மாறினால் கோப்பை மறுபடி வைக்க வேண்டும். மெய்நிகர் சூழலுக்குள் (ஒரு வேலைக்கென்று தனியாகப் பிரித்து வைத்த பைத்தானுக்குள்) வேலை செய்யும் மாணவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் அந்தச் சூழலை உருவாக்கும்போதே கணினியின் பொதுத் தொகுதிகளையும் பார்க்க அனுமதி தர வேண்டும்.