பூட்டு மாட்டத் தெரியாத நூறு சதவீதம்

மணலியில் ஒரு தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். ஹெச்.ஆர். அறையில் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார்கள். மெஷினை நிறுத்தி, வேறு யாரும் திரும்ப ஓட்டிவிடாதபடி பூட்டுப் போடுவதற்குப் பெயர் லாக்கவுட். அதற்கான வீடியோ பாடத்தை அத்தனை பேரும் முடித்திருந்தார்கள். நூறு சதவீதம், எல்லாப் பெயருக்கும் பச்சை. சரி என்று மெஷின்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோருக்குப் போய், ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நின்ற அண்ணனிடம் பூட்டைக் கொடுத்து, "உள்ள கை விடணும்னா முதல்ல என்னண்ணே செய்வீங்க?" என்றேன்.

பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அத்த நம்ம தம்பிதான் சார் எல்லாருக்கும் போட்டுக் குடுத்தான்."

தம்பி என்றது அப்ரெண்டிஸ் பையனை. எல்லோருடைய எம்ப்ளாயி நம்பரையும் வாங்கி, ஒரே ராத்திரியில் முடித்திருக்கிறான். விடைகள் அவனுக்கு மனப்பாடம். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஷாப் ஃப்ளோரில் போனுக்குத் தடை. வீட்டுக்குப் போய்ச் சொந்த டேட்டாவில் பாருங்கள் என்பது உத்தரவு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து எண்ணூர் போய்ச் சேருகிறவர், சாப்பிட்டு முடித்து மாட்யூல் பார்ப்பாரா?

1984 போபால் விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 111ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளியின் உரிமை, அதுவும் முடிந்தவரை தொழிற்சாலைக்குள்ளேயே என்றது, 2025 வரை நடப்பில் இருந்த அந்தப் பிரிவு. வீட்டுப்பாடமாகக் கொடுக்கச் சொல்லவில்லை.

அந்த வீடியோவையும் பார்த்தேன். ஏதோ வெளிநாட்டுத் தொழிற்சாலை. "ஆற்றல் மூலத்தைத் தனிமைப்படுத்தவும்" என்று ஒரு குரல். நம் ஆட்கள் "மெயினை ஆஃப் பண்ணு" என்பார்கள். அது போகட்டும், பிரஸ்ஸில் மெயினை ஆஃப் செய்தால் மட்டும் போதாதே! ஆயிலைச் சேர்த்துவைக்கும் அக்குமுலேட்டர் என்ற கலத்தில் ஆயில் அழுத்தத்தோடு நிற்கும். மேலே நிற்கிற ராம், அதாவது இறங்கி அழுத்துகிற கனமான பாகம், தன் எடையாலேயே இறங்கலாம். அழுத்தத்தை வெளியேற்றி, ராமுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். வீடியோவில் இது எதுவும் கிடையாது.

அப்புறம் நாங்களே எடுத்தோம். மூத்த ஃபிட்டர் ஒருவர் அதே பிரஸ் முன்னால் நின்று தன் பேச்சில் சொல்ல, மூன்று நிமிடம். ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்காக அவர்களில் ஒருவரே ஒடியாவில் குரல் கொடுத்தார். ஷிஃப்ட் நேரத்திலேயே கேன்டீன் டிவியில் போட்டுவிட்டு, உடனே பிரஸ்ஸுக்குக் கூட்டிப் போய் ஒவ்வொருவரையும் பூட்டு மாட்டவைத்தோம்.

இதனால் வீடியோ வீண் என்று சொல்ல வரவில்லை. டேங்குக்குள் இறங்கும் வேலைக்கு வீடியோவைத்தான் நம்புகிறேன். காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம், 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறோம். ஆக்சிஜனைத் தள்ளிவிட்டு டேங்கில் நிறைந்திருக்கக்கூடிய நைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் குதிக்கிறார், அவரும் விழுகிறார். இதை நிஜ டேங்கில் செய்துகாட்ட முடியுமா? கார்ட்டூன் போல வரைந்த படம்தான். ஆனாலும் அது ஓடும்போது கேன்டீனில் டம்ளர் சத்தம்கூடக் கேட்காது.

இப்போது அந்தத் திரையில், தன் கையால் பூட்டு மாட்டிக் காட்டியவருக்கு மட்டும்தான் பச்சை. பாதிப் பெயர்கள் இன்னும் சிவப்பில் இருக்கின்றன. ஏன் குறைந்தது என்று கேட்டு எனக்கு மெயில் வந்திருக்கிறது.